முயல் பிடிக்கிற நாயின் முகம்

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். நான்கு ஆண்டுகளாக ஒரு நாயின் முகத்தை நான் நாள் தவறாமல் பார்த்து வருகிறேன். பெஸ் என்பது அதன் பெயர். காப்பகத்தில் வைத்த பெயரை நான் மாற்றவில்லை. ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் இனம், பெட்டை, 14 கிலோ எடை, உடம்பெல்லாம் புலிவரி. மூஞ்சியின் மேற்புறத்தில் மயிர் முளைக்காத வெள்ளைக் கோடுகள் ஏழெட்டு இருக்கின்றன. கீழுதட்டின் இடப்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை இல்லை. வாயை மூடினாலும் அந்த இடத்தில் ஈறு தெரியும். தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தால் கயிற்று முடிச்சைப் போல ஒரு தழும்பு விரலில் தட்டுப்படும். முதன்முறை அதைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர், இது மருத்துவர் போட்ட தையல் இல்லை, யாரோ வீட்டிலேயே சாதாரண நூலால் தைத்திருக்கிறார்கள் என்றார். மண்ணுக்கு அடியில் அனுப்பப்பட்ட நாய்க்குக் காயம் எப்போதும் முகத்தின் முன்பக்கத்திலும் கீழ்த்தாடையிலும்தான் இருக்கும். குறுகிய வளைக்குள் எதிரெதிராக முட்டிக்கொள்ளும்போது கடிபடுவதற்கு வேறு உறுப்பு எதுவும் எட்டாது என்று விளக்கினார். இப்படிப்பட்ட நாய்களைப் பெரும்பாலும் மருத்துவரிடம் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தால் கேள்வி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைவிட என்னை அதிகம் துன்புறுத்தியது பூங்காவில் ஒருவர் சொன்ன சொல். பெஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் அவர் நின்று, குனிந்து, அன்போடுதான் தடவிக் கொடுத்தார். "நரிக்குப் போன நாய் இது. இதை வேலை இல்லாமல் வைத்திருப்பதுதான் கொடுமை. அதன் ரத்தத்தில் இருப்பதை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. புதரில் முயல் அசைந்தால் பெஸ்ஸின் தோளிலிருந்து தொடை வரை ஓடும் நடுக்கத்தை நான் வார் வழியாக என் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன். வேட்டை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வளர்ப்பும் என்னுடையது அன்று. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் என் பெரிய தாத்தா கன்னி நாய் வைத்து முயல் பிடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் வீட்டில் அது கதையாக மட்டுமே மிஞ்சியது. ஆகவே அந்த மனிதரை எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தால், நான் இரக்கம் என்று நினைத்துச் செய்வது இன்னொரு வகைச் சிறை ஆகிவிடும் அல்லவா?

கிராட்லி ஹீத்தின் ரத்தம்

ரத்தத்தில் இருப்பது என்னவென்று அறிய எனக்குத் தொலைதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நான் குடியிருக்கும், இங்கிலாந்தின் டட்லியிலிருந்து சில மைல் தொலைவில் கிராட்லி ஹீத் இருக்கிறது. நிலக்கரியும் சங்கிலிப் பட்டறைகளும் நிறைந்திருந்த அந்த ஊரின் ஒரு மதுக்கடையில்தான் 1935-இல் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியருக்கான சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக இந்த நாய்க்கு ஏடுகளில் இடம் கிடையாது. மாட்டைக் கவ்விப் பிடிக்கும் புல்டாக்கையும் எலி, நரிகளைத் தேடி வளைக்குள் போகும் டெரியரையும் கலந்து உண்டாக்கிய சண்டை நாய் என்பது ஒன்றே அதன் அடையாளம். மாட்டைக் கட்டிவைத்து நாயை ஏவும் விளையாட்டை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. மாட்டை ஒளித்து வைக்க முடியாது, இரண்டு நாய்களை ஒளித்து வைக்கலாம் என்பதால் அதன் பிறகு நாய்ச்சண்டை மதுக்கடைகளின் பின்னறைகளிலும் நிலவறைகளிலும் பெருகியது. பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்ற நாய் வியாபாரி அதே கலப்பிலிருந்து வெண்ணிறப் புல் டெரியரை உருவாக்கி 1862-இல் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். கனவான்களின் கைத்தடிக்கு அருகில் நடக்க ஏற்ற அழகிய நாய் அது. ஆனால் அடித்தளத்தில் இருந்த குணம் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தக் குணம் எதுவென்று சண்டைக் களத்தின் விதியைப் பார்த்தால் விளங்கும். களத்தின் நடுவே கோடு போட்டிருப்பார்கள். எதிரியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாயைப் பிரித்தெடுத்து, தன் மூலையிலிருந்து மறுபடி விடுவார்கள். காயத்தோடு அந்தக் கோட்டைத் தாண்டித் தானாகப் போகிற நாய் களத்தில் நிலைத்து நின்றது. தயங்கிய நாய் தோற்றது. குட்டிகள் எடுக்கப்பட்டது நின்ற நாயிடமிருந்துதான். வலிக்கிறது என்று உடம்பு சொல்லும்போது பின்வாங்குவது எல்லா உயிர்களுக்கும் இயல்பாக வாய்த்த ஒரு காப்பு. அந்தக் காப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து எடுத்தார்கள். பிடித்ததை விடாமலிருக்கும் உடும்புப் பிடி, பிடித்திருக்கும்போது சத்தம் எழுப்பாத மௌனம், தன் உயிரைக் கணக்கில் கொள்ளாத துணிவு ஆகிய மூன்றும் அப்படிச் சேர்ந்தவை. மனிதன் நடுவில் கை நீட்டிப் பிரிக்கும்போது அவனைக் கடிக்காத மென்மையும் அதே களத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெஸ்ஸின் மடியில் தலை வைத்து என் மகள் தூங்கிப்போகும்போதெல்லாம் இந்தக் கடைசிச் செய்தியை நினைத்துக்கொள்கிறேன்.

பூங்கா மனிதரை மறுபடி சந்தித்தபோது அவர் பில்லியைப் பற்றிச் சொன்னார். பில்லி என்பது லண்டனில் பெயர் பெற்றிருந்த புல்-டெரியர் கலப்பு நாய்; 1823-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் எலி கொல்லும் பந்தயம் நடக்கும் களத்தில் நூறு எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்றது. சராசரியாக ஓர் எலிக்கு மூன்று விநாடியும் சொச்சமும். "பிடித்ததை விடாத நாய் இதை எப்படிச் செய்திருக்கும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல நாள் அதை மனத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். கடித்து, உதறி, போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவது டெரியரின் கலை. பில்லியிடம் அந்தப் பாதி மேலோங்கியிருந்தது, அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்துப் பழக்கியும் இருந்தார்கள். மேலும் எலிக்களத்துக்குச் சுவர் உண்டு, வளை கிடையாது. எலி திருப்பிக் கடித்தாலும் நாயின் தாடையைக் கிழிக்கும் வலு அதற்கு இல்லை. பில்லி செய்ததை வைத்து அதன் வழித்தோன்றல்கள் எல்லாம் வயலில் என்ன செய்யும் என்று கணக்குப் போட முடியாது.

இதே கலப்பை வேட்டைக்காகவே செய்து பார்த்த ஒருவர் அதற்கும் முன்பே இருந்தார் என்பது எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. நார்ஃபோக்கில் ஹௌட்டன் மாளிகையின் உரிமையாளரான மூன்றாம் ஆர்ஃபர்ட் பிரபு தம் ஓட்ட நாய்களான கிரேஹவுண்டுகளுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று கருதி அவற்றில் புல்டாக் ரத்தத்தைக் கலந்தார். கலந்த கையோடு அந்தக் குட்டிகளை அவர் முயலின் பின்னால் விட்டுவிடவில்லை. தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் கிரேஹவுண்டோடு சேர்த்து, ஆறேழு தலைமுறைக்குப் பிறகு, புல்டாக்கின் உருவம் முழுக்க மறைந்து துணிவின் சாயல் மட்டும் எஞ்சிய நாய்களைத்தான் ஓட்டத்துக்குத் தகுதியானவை என்று கொண்டார். பாலில் உறை குத்துவதைப் போல ஒரு துளி. அதற்கு மேல் போனால் புளித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று புல் டெரியரையும் கிரேஹவுண்டையும் நேரடியாகச் சேர்த்து எடுக்கும் புல் லர்ச்சர் என்ற கலப்பை நரிக்கும் முயலுக்கும் சிறந்த நாய் என்று விற்பவர்களிடம் அந்தப் பொறுமை இல்லை.

வளைக்குள் ஒரு குரல்

நரி என்றால் நம் நினைவுக்கு வரும் விலங்கு வேறு. இங்கே இருப்பது செந்நரி. நன்கு வளர்ந்த கிடா நரியே பெரும்பாலும் ஆறேழு கிலோதான் இருக்கும். ஈரமான ரோமத்தோடு வேலியோரம் ஒதுங்கி நிற்கும்போது வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும். ஆட்டுக்குட்டியையும் கோழியையும் இழந்த விவசாயிகளுக்கு அதன் மேல் கோபம் உண்டு, அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை வளையிலிருந்து வெளியே கொண்டுவர டெரியர் நாய்களை அனுப்புவது நெடுநாள் வழக்கம். அந்தக் கலையில் பெயர் நிலைத்தவர் டெவனில் வாழ்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல். ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது 1819-இல் பால்காரர் ஒருவரிடம் டிரம்ப் என்ற சிறிய வெள்ளைப் பெட்டையை வாங்கி, அதன் வழியில் ஓர் இனத்தையே வளர்த்தவர். அவர் விரும்பியது நரியைக் கொல்லும் நாயை அன்று. வளைக்குள் போய், எட்ட நின்று, விடாமல் குரைத்து, நரியை வெளியேறத் தூண்டும் நாய்தான் அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டு கைகளின் விரல்களும் தொட்டுக்கொள்ளும்படி மார்பைச் சுற்றிப் பிடித்து இன்றும் டெரியரை அளக்கிறார்கள். பிடிக்குள் அடங்கும் நாயே வளைக்குள் திரும்பவும் முடியும், பின்னால் ஊர்ந்து வரவும் முடியும். பெஸ்ஸின் மார்பை நான் அப்படி அளந்து பார்த்தேன். என் விரல்களுக்கு நடுவே ஒரு கை அகலம் மிச்சமிருந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம் நாயை ஏவி நரியைக் கொல்வதைத் தடை செய்கிறது. சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காப்பாற்ற, நில உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு, ஒரே ஒரு நாயை மட்டும் வளைக்குள் அனுப்பலாம் என்று ஒரு விலக்கு உண்டு. வெளியே வரும் நரியைத் தேர்ந்த ஒருவர் உடனே சுட வேண்டும். அந்த விலக்குக்காகத் துப்பாக்கி வேட்டைக்காரர்களின் சங்கமே வகுத்து அரசு ஏற்றுக்கொண்ட நடத்தை விதியில், அனுப்பும் டெரியர் 'சாஃப்ட்' ஆக இருக்கவேண்டும், அதாவது எட்ட நின்று குரைக்கும் வழக்கமுடையதாக இருக்கவேண்டும் என்று கண்டிருக்கிறது. பாய்ந்து பிடிக்கும் நாயை அவர்கள் 'ஹார்ட்' என்பார்கள். நரியின் மேல் இரக்கமற்றவர்கள் என்று நாம் எண்ணும் மனிதர்களே, தங்கள் அனுபவத்திலிருந்து, புல் டெரியரின் குணத்துக்கு நேர் எதிரான குணத்தைக் கேட்கிறார்கள்.

காரணம் எளியது. எட்ட நின்று குரைக்கும் நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியும். நரிக்கு வெளியேற ஒரு வழி இருக்கும். நாயின் முகமும் முழுதாக இருக்கும். பிடிக்கும் நாய் போனால் இருட்டில் இரண்டு விலங்குகள் ஒன்றையொன்று தின்பதுபோல் கிழித்துக்கொள்ளும். இரண்டு மடங்கு எடை உள்ள நாயைச் செந்நரி வெல்லாது. ஆனால் ஊசிபோன்ற அதன் கோரைப்பற்களுக்கு எதிரே இருப்பது நாயின் முகம் மட்டுமே. அங்கே இருப்பது நரியாக இல்லாமல், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்காக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த விலங்கின் தாடைக்கு நாயின் தாடையை உடைக்கும் வலு உண்டு. 1992-ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறி, நரிக்குப் போகிறோம் என்ற பெயரில் பேட்ஜர் வளைகளில் நாயை விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் வேட்டை பற்றி விசாரித்த குழு, இரவில் விளக்கொளியில் துப்பாக்கியால் முறையாகச் சுடுவது, வளையைத் தோண்டி எடுப்பது உட்பட நாய்களைக் கொண்டு செய்யும் வேட்டையைவிட நரிக்குக் குறைந்த துன்பம் தருவது என்று எழுதியது. நாய்க்கு நேரும் துன்பத்தைப் பற்றி எனக்குச் சொன்னது பெஸ்ஸின் தாடைத் தழும்பு.

ஜனவரி மாதத்து வேலியோரம்

இவ்வளவும் படித்த பிறகும் பூங்கா மனிதரின் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. நரி சரி, சட்டமும் ஒத்துக்கொள்ளாது. முயலுக்கு என்ன தடை? நில உரிமையாளரின் சம்மதத்தோடு நாயைக் கொண்டு முயல் பிடிப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை விவசாயிக்குத் தன் நிலத்து முயலைப் பிடிக்கும் உரிமையை அப்போதே கொடுத்துவிட்டது. 1953-இல் மிக்ஸொமட்டோசிஸ் நோய் வந்து முயல்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அழிக்கும்வரை கிராமத்து ஏழைகளின் இறைச்சி அதுவாகத்தான் இருந்தது. பெஸ்ஸுக்கு அந்த வேலையாவது பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் வளர்ந்தது. அந்த ஆசைக்கு நானே பொறுப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வளைக்குள் போய் முயலை வெளியே விரட்டும் ஃபெரட் என்ற விலங்கை வளர்க்கிறார். கீரியைப் போல நீண்ட உடலும் ஒரு கிலோவுக்குச் சற்று கூடுதலோ குறைவோ எடையும் உள்ள அந்த விலங்குகளைக் குளிர்காலத்தில் மட்டும், பயிரை முயல் அழிக்கிறது என்று அழைக்கும் விவசாயிகளின் நிலங்களுக்கு எடுத்துப் போவார். கோடையில் வளைக்குள் குட்டிகள் இருக்கும் என்பதால் அப்போது போக மாட்டார். கின்வர் அருகே மணற்பாங்கான ஒரு சரிவுக்கு என்னை உடன் வரச் சொன்னார். பெஸ்ஸையும் கூட்டி வரவா என்று நான் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாரை விடாமல் பிடித்துக்கொள்வதாக இருந்தால் வாருங்கள்" என்றார்.

அவர் வேலை செய்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முள்வேலியின் அடியில் இருந்த ஒவ்வொரு வளை வாயிலிலும் சுருக்குவலையை விரித்து முளை அடித்தார். ஒரு வாயில் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. அதன் முன் மண்டியிட்டு, படுத்த அரைவட்ட வடிவம் தெரிகிறதா, வெளியே பழைய புல் படுக்கை கிடக்கிறதா என்று பார்த்து, பேட்ஜர் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போனார். ஃபெரட்டின் கழுத்தில் சிறிய ஒலிபரப்பிப் பட்டை இருந்தது. மண்ணுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கையிலிருந்த கருவி காட்டும். அவருடைய நாய், ஓட்ட நாயான விப்பட்டும் மேய்ப்பு நாயான கோலியும் கலந்த லர்ச்சர், ஒரு காலைத் தூக்கியபடி வேலியிலிருந்து பத்தடி தள்ளி அசையாமல் நின்றது. மண்ணுக்குள் தடதடவென்று கால் உதைக்கும் ஓசை கேட்டது. முதல் முயல் வலையில் வந்து விழுந்தது. இரண்டாவது, எங்கள் கண்ணில் படாத ஒரு பொந்து வழியாக வெளியேறி வேலியோரமாக ஓடியது. லர்ச்சர் ஒரே வளைவில் அதை மடக்கி, முதுகின் குறுக்கே கவ்வித் திரும்பி வந்து பெரியவரின் கையில் கொடுத்தது. முயல் உயிரோடு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பெரியவர் அதன் பின்னங்கால்களையும் தலையையும் பிடித்து ஓர் இழுப்பில் கழுத்தை முறித்தார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய் நின்றது.

பெஸ் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முயல் வெளியே வந்து, ஆட்களைக் கண்டு, மறுபடி வளைக்குள்ளேயே திரும்பிய நேரத்தில் அவள் பின்னோக்கி ஓர் உந்து உந்தினாள். கழுத்துப்பட்டை காதுகளின் மேல் வழுக்கி என் கையில் வெறும் பட்டை தொங்கியது. அகலமான அந்த வாயிலுக்குள் தலை போனது, தோள் போனது, பின்னங்கால்கள் மணலை வாரி இறைத்தன, பிறகு வாலும் போயிற்று. மேலிருந்த மணல் சரிந்து அவள் போன வழியை மூடியது.

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பெரியவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தரையில் குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைத்துக் கேட்டார். ஓரடி தள்ளி மறுபடி வைத்துக் கேட்டார். "குரைக்கிற நாயாக இருந்தால் நேராக அதன் தலைக்கு மேல் தோண்டிவிடுவேன். இது சத்தம் போடாது" என்றார். ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட்டின் கழுத்தில் ஒலிபரப்பி இருந்தது. என் நாயின் பட்டைகூட என் கையில் இருந்தது. அவர் நீண்ட தகடுள்ள தம் மண்வாரியை எடுத்து ஊகத்தின் மேல் தோண்டத் தொடங்கினார். நான் கைகளால் மணலை அள்ளினேன். முதல் குழி வெறும் வேராக இருந்தது. அதை மூடாமல் அடுத்ததை ஆரம்பித்தோம். பனி உருகிய ஈரத்தில் மணல் திரும்பத் திரும்பச் சரிந்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, இடுப்பளவு ஆழத்தில், மண்வாரியின் நுனியை அவர் சட்டென்று நிறுத்தி, கையை உள்ளே விட்டார். "சூடாக இருக்கிறது" என்றார்.

அவளை இழுத்தெடுத்தபோது கண்ணிலும் மூக்கிலும் மணல் அப்பியிருந்தது. ஈறு வெளுத்திருந்தது. வாயில் முயல் இருந்தது. அது எப்போதோ செத்துப்போயிருந்தது. இரண்டு நாசித் துளைகளும் மணலால் அடைபட்டு, மூச்சுக்குத் தவித்த அந்த முக்கால் மணி நேரமும் அவள் வாயைத் திறந்து காற்றை இழுத்திருக்கலாம். திறந்தால் முயல் விழுந்துவிடும் என்பதால் திறக்கவில்லை. உடைந்த எலும்பும் மணலும் அடைத்த கடைவாயின் ஓரமாகக் கிடைத்த சொற்ப மூச்சில் உயிர் பிழைத்திருக்கிறாள். மேலே வந்த பிறகும் விடவில்லை. பெரியவர் அவளை அதட்டவில்லை, தாடையைப் பிளக்க முயலவும் இல்லை. தம் மேற்சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தி, ஈரப்புல்லில் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் என் கைக்குட்டையால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆனது. தாடை தளர்ந்து முயல் கீழே நழுவியபோது அவள் வாலை இரண்டு முறை ஆட்டினாள்.

அந்த முயலைப் பெரியவர் பைக்குள் போடவில்லை. இறைச்சியும் தோலும் மணலும் பிரிக்க முடியாமல் கூழாகியிருந்தன. தோண்டிய குழியிலேயே வைத்து மூடினார். திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "நல்ல நாய். மூன்று நாய்க்குப் போதும் அளவுக்குத் துணிவு இருக்கிறது. ஏறத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை."

விடு

அன்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "முயலுக்குக் கன்னி நாயப்பா, பன்றிக்குக் கோம்பை. கோம்பையைக் கொண்டுபோய் யாராவது முயலுக்கு விடுவார்களா? தாத்தா இருந்திருந்தால் உன்னை வைதிருப்பார்" என்றார். பிறகு பெஸ் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

வேட்டை நாய் என்று நான் இவ்வளவு காலம் எண்ணியிருந்தது துரத்தவும் பிடிக்கவும் தெரிந்த நாயை. கின்வர் சரிவில் அந்த லர்ச்சரைப் பார்த்த பிறகுதான், அதன் பயிற்சியில் பெரும்பகுதி கடைசி நொடியைப் பற்றியது என்று புரிந்தது. வாயில் இருப்பதை நசுக்காமல் வைத்திருப்பதும், கேட்டபோது கொடுப்பதும், கொடுத்ததை மறந்து அடுத்ததற்குக் காத்து நிற்பதும்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தன. ரஸ்ஸலின் டெரியர் எட்ட நின்றதும் அந்த வகைதான். புல் டெரியரிடமிருந்து இதே திறனைத்தான் நாம் இருநூறு ஆண்டுகளாகக் களைந்தெடுத்தோம். களைந்துவிட்டு, இதன் ரத்தத்தில் வேட்டை இருக்கிறது என்று சொல்லி வளைக்குள் அனுப்புகிறோம். நாயிடம் இல்லாத அந்த நிறுத்தத்தை அனுப்புகிறவன்தான் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். பெஸ்ஸின் தாடையை நூலால் தைத்தவனிடம் அது இருக்கவில்லை. அன்று காலை என்னிடமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் காட்டுப்பன்றியைப் பிடித்து நிறுத்தப் புல் ரத்தம் கலந்த நாய்களை வைத்திருப்பவர்கள் உண்டு. பிடித்து நிறுத்துவது அங்கே வேலையின் ஒரு பகுதி. ஆறு கிலோ நரிக்கும் ஒன்றரைக் கிலோ முயலுக்கும் அந்தப் பிடியால் எந்தப் பயனும் இல்லை. அங்கே அதற்கு விலை கொடுப்பது நாயின் முகம்.

பூங்கா மனிதரை அதன் பிறகு ஒருமுறை பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வாதிடவில்லை. பெஸ்ஸின் கீழுதட்டை விரலால் விலக்கி ஈறைப் பார்த்தார். தம்மிடம் முன்பு இதே இனத்தில் ஒன்று இருந்ததாகவும் அது ஒரு வளையிலிருந்து திரும்பி வரவே இல்லை என்றும் சொன்னார். எந்த வளை, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் இப்போது ஒரு தடித்த பருத்திக் கயிறு இருக்கிறது. மாலைதோறும் ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்து இழுப்போம். நான் இழுப்பதை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, "விடு" என்பேன். இங்கே எல்லோரும் நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அவளுக்கு அந்தச் சொல்லோடு எந்தப் பழைய நினைவும் ஒட்டியிருக்கக்கூடாது என்பதற்காகத் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். முதல் ஏழு மாதம் ஒருமுறைகூட விடவில்லை. நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, பெரியவர் உட்கார்ந்ததைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பேன். இப்போது சொன்னதும் விடுகிறாள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு துண்டு வேகவைத்த கோழியும் மறுபடி கயிறும் அவளுக்குக் கிடைக்கும். ஜனவரியில் இணை தேடும் பெட்டை நரி தோட்டத்துக்குப் பின்னால் கத்தும்போது எழுந்து கதவருகே போய் நிற்பாள். நான் அவளுடைய மார்பின் குறுக்கே கையைக் கொடுத்து, அந்த நடுக்கம் அடங்கும்வரை நிற்பேன். கயிற்றை விடுகிறாள். முயலை விடுவாளா என்று சோதித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.